நீங்கள் ஆர்ட்ஸ் தானே, உங்களுக்கு உது என்னத்துக்கு?

டவுனில் எலெக்ட்ரோனிக் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு நாங்கள் நாலு பேர் போனோம். மூன்று பெட்டையள், ஒரு பெடியன். கையில் ஒரு துண்டு. அதில் ஒரு அம்ப்ளிஃபயர் போர்ட், ஒரு புளூடூத் போர்ட், சார்ஜ் பண்ணுற போர்ட் ஒன்று, கொஞ்சம் ஈயக்கம்பி, ஒரு மீற்றர் எல்.ஈ.டி பட்டி. கடைக்கார அண்ணை துண்டை வாங்கிப் பார்த்துவிட்டு, பெடியனைப் பார்த்துத்தான் கேட்டார்.

"தம்பி எந்த ஃபகல்ட்டி? இஞ்சினியரிங்கா?"

"இல்லை அண்ணை, ஆர்ட்ஸ்."

"ஆர்ட்ஸோ? அப்ப உது என்னத்துக்கு?"

பெடியன் பாவம். சோல்டரிங் அயனை எந்தப் பக்கத்தில் பிடிக்கிறது என்றுகூட அவனுக்கு அப்போது தெரியாது. லிஸ்ற் எழுதினவள் பின்னால் நின்றாள்.

அந்த அண்ணையில் எங்களுக்குக் கோபமில்லை. சாமான் தந்தார், ஐம்பது ரூபா குறைத்தும் தந்தார், பிறகு வேறொரு உதவியும் செய்தார், அதுக்கு வருவோம். ஆனால் அவர் கேட்ட அதே கேள்வியை அடுத்த இரண்டு மாதம் விடுதியில் கேட்டார்கள், பீடத்தில் கேட்டார்கள், வீட்டிலும் கேட்டார்கள். சிரிச்சுக்கொண்டு கேட்டவர்கள் பாதி, உண்மையாகவே விளங்காமல் கேட்டவர்கள் மீதி. எல்லாருக்கும் தனித்தனியே பதில் சொல்லிக் களைத்துப் போனோம். அதால்தான் இதை எழுதுறோம்.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்லிவிடுறோம். போனிலிருந்து பாட்டு புளூடூத்தில் வரும். ஒரு சின்ன போர்ட் அதைப் பிடித்து ஓடியோ சிக்னலாக மாற்றும். பீ.ஏ.எம் 8403 என்கிற சிப் அதைப் பெருக்கி இரண்டு ஸ்பீக்கருக்கு அனுப்பும். 5 வோல்ற்றில், 4 ஓம் ஸ்பீக்கர் என்றால், பக்கத்துக்கு 3 வாற் வரை தரும். மின்சாரத்துக்குப் பழைய லப்டொப் பற்றரிப் பெட்டியைப் பிளந்து எடுத்த செல் இரண்டு. 18650 என்று சொல்லுவார்கள். 18 மில்லிமீற்றர் விட்டம், 65 மில்லிமீற்றர் நீளம், அதுதான் பெயருக்குக் காரணம். ரி.பி 4056 என்கிற போர்ட் அதை 4.2 வோல்ற் வரை சார்ஜ் பண்ணி நிறுத்தும். இன்னொரு போர்ட் செல்லின் 3.7 வோல்ற்றை 5 ஆக ஏத்தும். இதுகளுக்குப் பக்கத்தில் ஒரு ஆர்டுவீனோ நானோ. அது அதே ஓடியோவை ஒரு வயரில் ஒட்டுக்கேட்டு, 30 எல்.ஈ.டிக்கும் எந்த நேரம் எந்த நிறம் என்று சொல்லும். பெட்டி, எங்களில் ஒருத்தியின் மாமாவுடைய தச்சுப் பட்டறையில் மிஞ்சின வேப்பம் பலகை.

(பழைய செல் எடுக்கப் போறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. மல்ரிமீற்றர் வைத்துப் பாருங்கோ. 2.5 வோல்ற்றுக்குக் கீழே விழுந்து கிடக்கிற செல்லைத் திரும்ப உயிர்ப்பிக்கப் பார்க்க வேண்டாம். செல்லின் உடம்பில் நேரே அயனை வைக்க வேண்டாம், ஹோல்டர் வாங்குங்கோ. 4056 போர்ட்டில் பாதுகாப்புச் சுற்று உள்ளது, இல்லாதது என்று இரண்டு இருக்கு. உள்ளதைக் கேளுங்கோ. லித்தியம் விளையாட்டில்லை.)

இதில் எதுவும் எங்கட கண்டுபிடிப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம். ஏனென்றால் எங்கட ஊரில் இப்படி ஒன்றைச் செய்தால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். ஆர்ட்ஸ் பிள்ளை செய்தால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடப் பெடியன் செய்தால் "தமிழ் மாணவனின் உலக சாதனை" என்று இணையச் செய்திக்காரர் போடுவார்கள். பொன்னாடை, கேடயம், அரசியல்வாதியோடு படம். அந்தப் பெடியனுக்குத் தெரியும், சிப் வெளிநாட்டுத் தொழிற்சாலையில் வந்தது, கோட் வேறு யாரோ எழுதி இலவசமாக விட்டது, தான் செய்தது அவற்றை விளங்கிப் பொருத்தினது என்று. அது நல்ல வேலை. மதிக்க வேண்டிய வேலை. ஆனால் அதை "கண்டுபிடிப்பு" என்று ஊதிவிட்ட பிறகு அவனாலும் உண்மையைச் சொல்ல ஏலாது. பக்கத்து வாங்கில் இருக்கிறவளுக்கும் "உது கெட்டிக்காரருக்கு உள்ள வேலை, எனக்கில்லை" என்றாகிவிடும். அடுத்த கிழமை செய்தி மாறிவிடும். அந்தப் பள்ளிக்கூடத்தின் ஆய்வுகூடத்தில் மல்ரிமீற்றர் வேலை செய்யுதா என்று படம் எடுக்க வந்த ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.

இதே வியாதிதான் "புளூடூத்தைக் கண்டுபிடித்த நடிகை" என்று வருசா வருசம் சுத்துற பதிவிலும் இருக்கு. ஹெடி லமார் என்கிற ஹொலிவூட் நடிகையும் ஜோர்ஜ் அந்தைல் என்கிற இசையமைப்பாளரும் 1942இல் ஒரு காப்புரிமை பெற்றது உண்மை. டோர்பிடோவுக்கு அனுப்புகிற ரேடியோக் கட்டளையை எதிரி குழப்பாமல் இருக்க, அனுப்புறவரும் வாங்குறவரும் ஒரே நேரத்தில் அலைவரிசை மாறி மாறித் தாவ வேணும் என்பது யோசனை. தானாக வாசிக்கும் பியானோவில் போடுகிற துளையிட்ட காகிதச் சுருளை வைத்து அதைச் செய்யலாம் என்றார்கள். பியானோவுக்கு 88 கட்டை, இவர்களின் திட்டத்திலும் 88 அலைவரிசை. எங்கட புளூடூத் போர்ட்டும் தாவுது, 79 தடங்களுக்குள், செக்கனுக்கு 1600 தரம். ஆனால் அந்த இருவரும் புளூடூத்தைச் செய்யவில்லை. அது 1990களில் எரிக்சன் கம்பனியில் தொடங்கின வேலை. உண்மைக் கதையே போதும். ஒரு நடிகையும் ஒரு பாட்டுக்காரரும் ரேடியோவைப் பற்றி யோசித்தார்கள். எங்களுக்கு அவ்வளவும் காணும்.

சரி, எங்கட வீட்டுக் கதைக்கு வருவோம். 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரத் தடை. கரண்ட் இல்லை. அம்மா அப்பாமார் சொல்லாத வீடில்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒராள் பெடலைச் சுத்த, டைனமோவில் ரேடியோ பாடும். தமிழோசை முடியுமட்டும் கை மாத்தி மாத்திச் சுத்துவார்கள். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சும் மண்ணெண்ணெயும் விட்டு விளக்கு. மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலை மணக்கக் காட்டி ஸ்ராட் பண்ணிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓடினது. "எங்கட சனம் விண்ணர்" என்று சொல்லிக் கதை முடியும்.

நாங்கள் ஸ்பீக்கர் செய்யத் தொடங்கின பிறகுதான் அந்தக் கதையில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது. சைக்கிள் டைனமோ தருவது ஆடலோட்டம். ரேடியோ கேட்பது நேரோட்டம். நேரே கொடுத்தால் ரேடியோ பாடாது. நடுவில் டயோட் வேணும், பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருவாயி என்று இருக்குமே, அது. மிதிக்கிற வேகம் ஏறி இறங்க வோல்ற்றும் ஏறி இறங்கும், அதைச் சமாளிக்கக் கொள்ளளவி வேணும். இதைத் தெரிந்த ஒராள் ஒவ்வொரு ஊரிலும் இருந்திருக்கிறார். பழைய ரேடியோவைப் பிரித்து டயோட்டை எடுத்து, ஈயம் உருக்கி வைத்தவர். அவருடைய பெயர் என்ன, என்ன படித்தவர், எந்தத் தெருவில் இருந்தவர் என்று வீட்டில் கேட்டோம். ஒருவருக்கும் ஞாபகமில்லை. "ஆரோ ஒரு ரேடியோ திருத்திற பெடியன்." மிதித்தவர்களை ஞாபகம், செய்தி கேட்டவர்களை ஞாபகம், ரேடியோவைப் பாட வைத்தவரை ஞாபகமில்லை. வழக்கமான சைக்கிள் டைனமோவின் வலு 3 வாற். எங்கட அம்ப்ளிஃபயரின் ஒரு பக்கமும் 3 வாற். இதைக் கணக்குப் பார்த்த இரவு நாங்கள் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம்.

2022 பங்குனிக் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்கள். நாங்கள் அப்போது ஏ.எல் காலத்துப் பிள்ளைகள். எங்கட நாலு வீட்டிலும் ஒரு பழைய பற்றரியையும் ஒரு எல்.ஈ.டியையும் சேர்த்து எரிய வைக்கத் தெரிந்த ஆள் ஒன்றுகூட இல்லை. மெழுகுதிரிக்கு லைனில் நின்றோம். மெழுகுதிரி வெளிச்சத்தில் அப்பாமார் சைக்கிள் டைனமோ கதையைத் திரும்பவும் சொன்னார்கள்.

முப்பது வருசத்துக்குள் அந்த அறிவு எங்கே போனது? எங்களிடம் இருக்கிற பதில் இது. அதை நாங்கள் ஒருநாளும் அறிவு என்று கணக்கில் வைக்கவில்லை. அது "கைவேலை". எங்கட சமூகத்தில் கைவேலைக்கு ஒரு சாதி இருந்தது, தட்டுறவருக்கு ஒன்று, இழைக்கிறவருக்கு ஒன்று, வாத்தியம் வாசிக்கிறவருக்கு ஒன்று. வீட்டு விறாந்தை வரைக்கும் வரலாம், உள்ளே வரக்கூடாது. படிச்ச பிள்ளை கையில் அழுக்குப் படாமல் இருக்க வேணும் என்கிற எண்ணம் அங்கேயிருந்து வந்ததுதான். இப்போது அதுக்குச் சாதிப் பெயர் சொல்லாமல் "பிரிவு" என்று பெயர் சொல்கிறோம். தரம் 6 முதல் 9 வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன் என்று ஒரு பாடம் இருந்தது. எங்களில் மூன்று பேருக்கு அந்தப் பாடம் கொப்பியில் படம் கீறினதோடு முடிந்தது. சோதினை கிட்ட வரவர அந்தப் பாடவேளையில் கணக்குப் படிப்பித்தார்கள். பிறகு ஓ.எல் முடிய ஆளுக்கொரு அறைக்குள் விட்டுக் கதவைப் பூட்டினார்கள். 2013இல் ஏ.எல்லுக்குத் தொழினுட்பப் பிரிவு வந்தது. நல்லது, வேணாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் இன்னொரு அறையாகத்தான் வந்தது. அந்த அறைக்குள் போனவர்களைக் "குறைஞ்சவை" என்று பார்க்கிற பழக்கமும் கூடவே வந்தது.

இனி எங்கட பக்கத்துப் பிழை. அதை மறைத்துவிட்டு எழுத ஏலாது.

கலைப் பீடத்தில் எங்களுக்கு ஒரு விசித்திரமான பெருமை இருக்கு. "எனக்கு மெத்ஸ் வராது மச்சான்" என்பதை ஒரு பட்டம் மாதிரிச் சொல்லுவோம். அதே வாயால் தொழினுட்பமும் அதிகாரமும், முதலாளித்துவமும் இயந்திரமும், டிஜிட்டல் கண்காணிப்பு என்று கட்டுரை வாசிப்போம். இந்தத் தளத்திலேயே எங்களில் ஒருத்தி எழுதியிருக்கிறாள், தேடிப் பார்க்க வேண்டாம். தொழினுட்பத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதின எங்களுக்கு ஒரு டோர்ச் லைற்றைக் கழட்டிப் பூட்டத் தெரியாது. விஞ்ஞான பீடத்துப் பிள்ளைகள் எங்களைப் பார்த்துச் சிரித்தால் கோபப்படுவோம். அந்தச் சிரிப்புக்கு இடம் விட்டதில் எங்களுக்கும் பங்கிருக்கு.

விபுலானந்த அடிகளைப் பற்றி விழாவுக்கு விழா பேசுறோம். காரைதீவில் 1892இல் பிறந்தவர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், "யாழ் நூல்" எழுதியவர், மாலை போட்டாச்சு. அவர் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவர் என்பதை அந்த மேடைகளில் ஒரு வரியாகச் சொல்லித் தாண்டிவிடுவார்கள். 1947இல் வந்த "யாழ் நூல்" தமிழ்த் துறையின் நூல் மட்டுமா? வழக்கொழிந்துபோன நரம்புக் கருவி ஒன்றைப் பழைய இலக்கியத்தில் இருந்து மீட்க, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதத்தைக் கணக்குப் போட்ட நூல் அது. இன்று அவர் எங்கட பீடத்தில் முதலாம் வருசப் பிள்ளையாக வந்து, நரம்பு அளக்க ஒரு மேசை தாங்கோ என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? எங்களுக்குத் தெரியும், நாங்கள் கேட்டுப் பார்த்தனாங்கள்.

அந்தக் கதை பிறகு. முதலில் எரிஞ்ச கதை.

முதல் அம்ப்ளிஃபயர் போர்ட்டை நாங்கள் எரித்தோம். இரண்டு ஸ்பீக்கருக்கும் கறுத்த வயர் இருக்கு, கறுப்பென்றால் தரை, எல்லாத் தரையும் ஒன்றுதானே என்று நினைத்து இரண்டையும் சேர்த்துத் தரையோடு முறுக்கினோம். சிப் சுட்டது, மணந்தது, செத்தது. பிறகுதான் டேட்டாஷீட்டை எடுத்து வாசித்தோம். இந்தச் சிப்பில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலும் சிக்னல் வரும், ஒன்று ஏற மற்றது இறங்கும், ஒன்றும் தரை இல்லை. நன்னூல் சூத்திரத்தைப் பிரித்துப் பொருள் கண்டவர்களுக்கு டேட்டாஷீட் ஒரு பெரிய பயமில்லை. சுருக்கமாக எழுதியிருப்பான், ஒரு சொல்லும் சும்மா இருக்காது, பாதிப் பொருள் படத்துக்குள் இருக்கும். பொறுமையாக வாசிக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறதுதானே, அதைத்தானே பட்டத்துக்குப் படிக்கிறோம்.

இரண்டாவது போர்ட் பாடினது. பாட்டோடு ஒரு கீச்சும் வந்தது. பாட்டை நிற்பாட்டினால் கீச்சு மட்டும் நின்று பாடும். கடைக்கார அண்ணையிடம் திரும்பப் போனோம். இந்தத் தரம் அவர் லிஸ்ற் எழுதினவளைப் பார்த்தே கதைத்தார். "தங்கச்சி, புளூடூத்துக்கும் அம்ப்ளிஃபயருக்கும் ஒரே கரண்டா குடுத்தனீங்கள்? அதைப் பிரியுங்கோ." பீ 0505 எஸ் என்று சுண்டுவிரல் நுனியளவு கறுப்புக் கட்டி ஒன்றைத் தந்தார். உள்ளே 5 வோல்ற் போகும், வெளியே 5 வோல்ற் வரும், ஆனால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் வயர்த் தொடர்பே இல்லை. வைத்தோம், கீச்சு நின்றது. அவர் அதை எங்கே படித்தார் என்று கேட்டோம். "வாகனத்துக்கு செட் பூட்டிப் பழகினது" என்றார். ஒரு பாட்டுக்கு ஒரு நிறமாகத் துள்ளுகிற தனியார் பஸ் லைற்றுகளைக் கிண்டல் பண்ணாத கம்பஸ் பிள்ளை உண்டா? நாங்களும் பண்ணினோம். அதைப் பூட்டுறவர்களுக்கு எங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருந்தது.

அடுத்தது லைற். சத்தம் கூட வெளிச்சம் கூட வேணும் என்று எழுதினோம். குத்துப் பாட்டுப் போட்டால் எல்லா லைற்றும் எரிந்தபடியே நின்றது, மெல்லிய பாட்டுக்கு ஒன்றும் எரியவில்லை. காது அப்படிக் கேட்பதில்லை. வலு இரண்டு மடங்கானால் 3 டெசிபல், காதுக்கு அது ஒரு சின்னப் படி. எல்.எம் 3915 என்று ஒரு பழைய சிப் இருக்கு, பத்து எல்.ஈ.டியை 3 டெசிபல் படியில் ஏத்தும், அதன் ஒழுங்கைப் பார்த்து எங்கட கோட்டை மாற்றினோம். வெளிச்சம் ஏறுவது உடனே, இறங்குவது ஆறுதலாக என்றும் வைத்தோம். இன்னொரு கரைச்சல், பாட்டு உச்சத்துக்குப் போக முப்பதும் வெள்ளையாய் எரியும், அந்த நேரம் பார்த்து புளூடூத் அறுந்துபோகும். ஒரு எல்.ஈ.டி முழு வெள்ளையில் 60 மில்லிஅம்பியர் குடிக்கும். முப்பதுக்கு 1.8 அம்பியர். எங்கட சின்ன போர்ட்டால் தர ஏலாது. வெளிச்சத்தைக் கால்வாசியாகக் குறைத்தோம். கண்ணுக்கும் அதுதான் நல்லம்.

பிறகு நிறம். ஃபூரியே என்கிற பிரெஞ்சுக்காரர் வெப்பம் எப்படிப் பரவுது என்று 1822இல் ஒரு புத்தகம் போட்டார். எந்தச் சிக்கலான அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது அதில் வந்த வழி. அதை வேகமாகச் செய்கிற முறையை 1965இல் கூலியும் டூக்கியும் எழுதினார்கள். எங்கட நானோவின் நினைவகம் 2 கிலோபைற்தான், ஆனாலும் செய்யும். 128 தரம் ஒலியை அளந்து, ஏறக்குறைய 75 ஹேர்ட்ஸ் அகலமான பெட்டிகளாகப் பிரிக்கும். கீழ்ச் சத்தத்துக்குச் சிவப்பு, மேலே போகப் போக நீலம் என்று வைத்தோம். ஆடினது. அழகாக ஆடினது. முடிஞ்சுது என்று நினைத்தோம்.

அப்போதுதான் இசை படிக்கிற எங்கட சிநேகிதி ஒருத்தி வந்து தவில் தனியாவர்த்தனம் ஒன்றைப் போட்டாள். இரண்டு நிமிடம் பார்த்தாள்.

"லைற் பிழை."

"என்னடி பிழை, ஆடுதுதானே?"

"ஆடுது. ஆனா தொப்பியில அடிக்கிறதுக்கும் வலந்தலையில அடிக்கிறதுக்கும் உங்கட லைற்றுக்கு வித்தியாசம் தெரியேல்ல. அதோட அடி விழுந்த பிறகு கார்வைக்குத்தான் எரியுது, அடிக்கு எரியேல்ல."

அவளுக்கு ஒரு வரி கோட் தெரியாது. எங்களுக்கு ஒரு வருசமும் பிடிபட்டிராது. இடக்கைக் குச்சி விழுகிற தொப்பியும், விரலில் கூடு போட்டு அடிக்கிற வலந்தலையும் வேறு வேறு பெட்டிக்குள் விழும் என்பது அவள் சொன்ன பிறகுதான் எண்களில் தெரிந்தது. பெட்டிகளின் எல்லையை அவள் காதால் கேட்டுச் சொல்லச் சொல்ல மாற்றினோம். சத்தத்தின் அளவுக்கு எரியாமல், முந்தின அளவைவிட எவ்வளவு திடீரென்று கூடினது என்பதுக்கு எரியச் சொன்னோம். ஒரு பின்னேரம் முழுக்க. கடைசியில் தொப்பி விழச் சிவப்பும் வலந்தலை பேச மஞ்சளும் தனித்தனியாய் வெட்டினது. பிறகு நாதஸ்வரம் போட்டோம். ஒரு சுரத்துக்கு ஒரு நிறம் வரும் என்று பார்த்தால் ஐந்தாறு நிறம் ஒன்றாய் எரிந்தது. பிழை என்று கோட்டைத் தடவத் தொடங்க, அவள் சிரித்தாள். பிழையில்லையாம், நாதஸ்வரம் அப்படித்தானாம். அடிச் சுரத்துக்கு மேலே அதன் மேற்றொனிகள் அவ்வளவு நிறைய. "அதாலதான் அது நாதஸ்வரம், புல்லாங்குழல் இல்லை." காதுக்குத் தெரிந்திருந்த ஒன்றை அவள் அன்றைக்குக் கண்ணால் கண்டாள். நாங்கள் கண்ணால் கண்டதைக் காதால் கேட்கப் பழகினோம். எந்தப் பீடத்துப் பாடத்திட்டத்தில் இந்தப் பின்னேரம் இருக்கு?

"உதால வேலை கிடைக்குமோ" என்று கேட்கிறவர்களும் இருக்கினம். 2017இல் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காக வீதியில் இருந்தார்கள். கலைப் பட்டதாரிகள் கனபேர். அன்றிலிருந்து எங்களுக்குச் சொல்கிற மருந்து ஒன்றுதான், "ஸ்கில்ஸ்". இரண்டு நாள் பயிற்சி, ஒரு சான்றிதழ், தேத்தண்ணி இடைவேளை. எங்களை ஒரு குறைபாடாகப் பார்த்து அதுக்கு ஊசி போடுற வேலை. ஸ்பீக்கர் செய்தால் வேலை கிடைக்கும் என்று நாங்கள் ஒருவருக்கும் சொல்லவில்லை. தமிழ் படிக்கிறதுக்கும் வரலாறு படிக்கிறதுக்கும் என்ன நியாயமோ அதே நியாயத்தைத்தான் இதுக்கும் கேட்கிறோம். நாங்கள் வாழுற உலகம் எதால் செய்யப்பட்டது என்று தெரிஞ்சுகொள்ள விருப்பம்.

"2,500 ரூபாய்க்கு லைற்றோடயே வாங்கலாமே" என்பது அடுத்தது. உண்மை. எங்களுக்கு எரிச்ச போர்ட்டோடு சேர்த்து 6,000 கிட்டப் போனது. காசுக் கணக்கில் நாங்கள் தோற்றோம், ஒப்புக்கொள்கிறோம். எங்கட அறைத்தோழி ஒருத்தி அப்படி வாங்கினது ஏழு மாதத்தில் சார்ஜ் ஏறாமல் போனது. குப்பைக்குப் போகவிருந்ததை வாங்கித் திறந்தோம். செல்லில் இருந்து வருகிற ஒரு வயர் விட்டிருந்தது. ஒரு துளி ஈயம், இரண்டு நிமிடம். இப்போது அவளுடைய அறைக்குப் பக்கத்து அறைக்காரர் எங்களைத் திட்டுகினம், இரவு பத்து மணிக்குப் பிறகும் பாட்டாம். அந்த முறைப்பாட்டில் நியாயம் இருக்கு.

ஈயம் என்றதும் அயன் கதைக்கு வருவோம். எங்கட சோல்டரிங் அயனை விடுதியில் பறித்தார்கள். சூடாக்கும் சாதனம் விடுதிக்குள் தடை. ஹீற்றர், அயன்பொக்ஸ், ரைஸ் குக்கர், அதே பட்டியலில் இதுவும். தீப்பிடிக்கும் என்ற பயம் சரியானது, மெத்தைக்குப் பக்கத்தில் இருந்து ஈயம் உருக்கினது எங்கட மடைத்தனம். சரி, வேறு இடம் தாங்கோ என்று விஞ்ஞான பீடப் பக்கம் போனோம். ஆய்வுகூடம் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பூட்டிக் கிடக்கு. மேலாளாக ஒராள் நிற்க, கிழமைக்கு இரண்டு மணித்தியாலம் ஒரு மேசை. "உங்கட பீடத்திலயிருந்து கடிதம் கொண்டு வாங்கோ." எங்கட பீடத்தில் கேட்டோம். "உங்கட பாடத்துக்கும் உதுக்கும் என்ன சம்பந்தம் என்று எழுதித் தாங்கோ." எழுதினோம். இரண்டு பக்கம், விபுலானந்தர் முதற்கொண்டு. கடிதம் ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போய் ஒன்பது கிழமை. ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருக்கலாம்.

நாங்கள் கேட்பது பெரிய மாளிகை இல்லை. நூலகத்தின் கீழ்த்தளத்தில், பழைய பத்திரிகை அடுக்கி வைத்திருக்கிற அறையில், ஒரு மேசை. இரண்டு சோல்டரிங் அயன், ஒரு மல்ரிமீற்றர், ஒரு தீயணைக்கும் கருவி, புகை போக ஒரு சின்ன ஃபான். எந்தப் பீடத்துப் பிள்ளையும் பெயர் எழுதிவிட்டு இருக்கலாம். புத்தகத்துக்கு ஒரு பிள்ளையின் பிரிவைக் கேட்காத இடம் கம்பஸில் அது ஒன்றுதான், அதால்தான் நூலகம் என்று கேட்கிறோம். வாசிக்கிறவர்களில் வேறு கம்பஸ் பிள்ளைகள் இருந்தால் உங்கட நூலகத்திலும் கேளுங்கோ. கடிதத்தின் பிரதி எங்களிடம் இருக்கு, தாறோம், பெயரை மட்டும் மாத்துங்கோ.

அதுவரைக்கும் தச்சுப் பட்டறை மாமாவின் விறாந்தையில் ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு இருக்கிறோம். மாமா முதல் நாள் "பெட்டையளுக்கு உது என்னத்துக்கு" என்று கேட்டவர்தான். இப்போது தன்னுடைய பழைய ரேடியோவைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இன்னும் அது பாடவில்லை. அயன் ஒன்றுதான் இருக்கு, வாறவர்கள் கொஞ்சம் லைனில் நிற்க வேண்டி வரும்.